ஒரு அமைச்சரின் கொலையும் ஒரு சர்வாதிகாரியின் பாஸ்புக்கும்

"நம்ம நாட்டுக்கு ஒரு பினோசே வேணும் சார். பத்து வருஷம் கையில சாட்டையோட உட்கார்ந்தா எல்லாம் தானா சரியாயிடும்."

ஆள் பெயர் மட்டும் மாறும். சில சமயம் லீ குவான் யூ, சில சமயம் வெறுமனே 'மிலிட்டரி ஆட்சி'. வங்கி வேலையில் பதினெட்டு வருஷத்தில் நாலு மாநிலம் பார்த்தாகிவிட்டது. எந்த ஊரானாலும் தமிழ்ச் சங்கத்தில் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லாமல் இருந்ததில்லை. சொல்பவர் கெட்டவரும் இல்லை. லஞ்சத்தையும் குப்பையையும் சிக்னலில் நிற்காத வண்டிகளையும் பார்த்து வெறுத்துப் போனவர். படித்தவர் என்பதால் சிலி நாட்டைத் துணைக்கு அழைப்பார். "ஆளைக் கொன்னாரு, ஒத்துக்கறேன். ஆனா பொருளாதாரத்தை நிமிர்த்திட்டாரே!"

இந்த 'ஆனா' மேல்தான் எனக்குச் சண்டை.

நான் படித்தது பி.காம். எங்களுக்கு முதல் பாடமே ஒவ்வொரு வரவுக்கும் எங்கோ ஒரு பற்று உண்டு என்பதுதான். பினோசே கணக்கில் நம்மவர்கள் வரவுப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். பற்றுப் பக்கத்தை எழுதிக் காட்டிய ஒரு மனிதர் இருந்தார். அவர் கதையைத் தெரிந்துகொண்டு, அப்புறம் சாட்டைக்கு ஆசைப்படுங்கள்.

அவர் பெயர் ஓர்லாந்தோ லெட்டெலியர். 1932ல் சிலியின் தெற்கே தெமூக்கோ என்ற ஊரில் பிறந்தவர். இளம் வயதில் ராணுவப் பள்ளி, பிறகு சட்டப் படிப்பு. 1955ல் அரசின் தாமிரத் துறையில் ஆய்வாளராகச் சேர்ந்தார். வளைகுடா நாடுகளுக்கு எண்ணெய் எப்படியோ, சிலிக்குத் தாமிரம் அப்படி. ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பகுதி அதிலிருந்துதான். ஆனால் பெரிய சுரங்கங்கள் அனகோண்டா, கென்னகாட் என்ற அமெரிக்க கம்பெனிகளின் கையில். நாட்டின் மண்ணுக்கடியில் இருப்பதன் விலையும் லாபமும் எங்கே முடிவாகிறது என்பதை லெட்டெலியர் ஃபைல் ஃபைலாகப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

1958 தேர்தலில் சோஷலிஸ்ட் வேட்பாளர் சால்வடோர் அலெண்டேயை ஆதரித்தார். அலெண்டே தோற்றார், அடுத்த வருஷம் இவருக்கு வேலை போனது. குடும்பத்தோடு வெனிசுவேலா போனார். அங்கிருந்து வாஷிங்டன். லத்தீன் அமெரிக்க நாடுகளுக்குக் கடன் கொடுக்கும் இன்டர்-அமெரிக்கன் டெவலப்மென்ட் வங்கியில் சேர்ந்து, கடன் பிரிவில் உயர் பொறுப்பு வரை வந்தார். அதாவது, நம்ம தொழில்காரர். வேலைக்காக ஊரைவிட்டு வந்து, வேறு பாஷை பேசும் ஊரில் நாலு பையன்களை வளர்த்தவர். இதைப் படிக்கிற பலருக்கு அந்த வாழ்க்கையை நான் விளக்க வேண்டியதில்லை.

1970ல் அலெண்டே தேர்தலில் ஜெயித்தார். 1971ல் லெட்டெலியரை அமெரிக்காவுக்குத் தூதராக நியமித்தார். சுகமான உத்தியோகம் என்று நினைக்காதீர்கள். அதே வருஷம் ஜூலையில் சிலி நாடாளுமன்றம் தாமிரச் சுரங்கங்களைத் தேசியமயமாக்கியது. ஒருமனதாக. வலதுசாரிக் கட்சிகளும் சேர்ந்து கை தூக்கின. கம்பெனிகள் அளவுக்கு மீறி எடுத்த லாபத்தைக் கழித்துவிட்டுத்தான் நஷ்டஈடு என்று அலெண்டே சொல்ல, அந்த இரண்டு கம்பெனிகளுக்கும் மிஞ்சியது ஒன்றுமில்லை. இந்தக் கணக்கை நிக்சன் அரசாங்கத்திடம் உட்கார்ந்து விளக்க வேண்டியவர் லெட்டெலியர். அதே நேரத்தில் அந்த அரசாங்கத்தின் சி.ஐ.ஏ., 1970 தேர்தலுக்கும் 1973 ராணுவப் புரட்சிக்கும் இடையே சிலியில் ரகசிய வேலைகளுக்குச் சுமார் 80 லட்சம் டாலர் செலவழித்துக்கொண்டிருந்தது. இது இடதுசாரிகள் கட்டிவிட்ட கதை இல்லை. அமெரிக்க செனட்டின் விசாரணைக் குழுவே 1975ல் எழுதி வைத்தது.

1973ல் ஊருக்குத் திரும்பினார். மே மாதம் வெளியுறவு அமைச்சர், ஆகஸ்டில் உள்துறை, அதே ஆகஸ்ட் 28ல் பாதுகாப்பு. நாலு மாதத்தில் மூன்று இலாகா. ஒரு அரசு எந்த அளவுக்கு ஆட்டம் கண்டிருந்தது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். அவர் பாதுகாப்பு அமைச்சர் ஆவதற்கு ஐந்து நாள் முன்புதான் தரைப்படைக்குப் புதுத் தளபதி வந்திருந்தார். பெயர் அகஸ்டோ பினோசே. பதவிப்படி லெட்டெலியருக்குக் கீழே வேலை பார்க்கிறவர்.

14 நாள்தான். செப்டம்பர் 11 காலையில் தன் அமைச்சகத்துக்குப் போன அமைச்சரை, அங்கிருந்த சிப்பாய்களே துப்பாக்கி முனையில் பிடித்தார்கள். அலெண்டே அரசின் பெரிய தலைகளில் முதலில் கைதானவர் அவர்தான். அன்றே அலெண்டே ஜனாதிபதி மாளிகையில் செத்துப் போனார். லெட்டெலியரை மாகெல்லன் நீரிணையில் இருக்கும் டாசன் தீவுக்குக் கொண்டு போனார்கள். தென்துருவத்துக் காற்று அடிக்கிற இடம். நேற்று வரை அமைச்சர்களாக இருந்தவர்களைக் கல் சுமக்க விட்டார்கள். எட்டு மாதம் அங்கே, மொத்தத்தில் ஒரு வருஷம் சிறை. வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை. வெனிசுவேலாக்காரர்கள் நேரில் போய் மன்றாடி 1974 செப்டம்பரில் அவரை மீட்டு கராகஸ் கொண்டு போனார்கள்.

1975ல் மறுபடி வாஷிங்டன். பழைய தூதர் இப்போது அகதி. ஒரு ஆய்வு நிறுவனத்தில் வேலை, பல்கலைக்கழகத்தில் வகுப்பு. மீதி நேரமெல்லாம் சிலி பற்றிய பேச்சு. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பார்த்தார். ஐரோப்பாவுக்குப் போய், இந்த ஆட்சியில் முதலீடு செய்யாதீர்கள் என்றார். 1976 ஆகஸ்ட் 28 தேதியிட்ட 'தி நேஷன்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். நான் பற்றுப் பக்கம் என்று சொன்னேனே, அது அந்தக் கட்டுரைதான்.

அதன் சாரம் இது. உலகம் சிலி ராணுவ ஆட்சியின் சித்திரவதையைக் கண்டிக்கிறது. ஆனால் அதன் பொருளாதாரக் கொள்கையைத் தனியாக எடுத்து, 'தடையற்ற சந்தை' என்று பாராட்டுகிறது. இரண்டும் வேறு வேறு இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் மில்டன் ஃப்ரீட்மனின் பள்ளியில் படித்த பொருளாதாரக்காரர்கள் எழுதிக் கொடுத்த வைத்தியம், கூலியை வெட்டி, மானியத்தை நிறுத்தி, வேலையைப் பறிக்கிற வைத்தியம். தொழிற்சங்கமும் பத்திரிகையும் ஓட்டுப் பெட்டியும் இருக்கிற நாட்டில் மக்கள் அதை ஒரு மாதம் தாங்கமாட்டார்கள். ஆகவே சங்கத்தை உடைக்க வேண்டும், ஆளைத் தூக்க வேண்டும். சிறை என்பது அந்தக் கொள்கையின் தவறு இல்லை, அதை ஓட்டுவதற்கான செலவு.

நம் ஊர் வியாபாரி பாஷையில் சொன்னால், லாபத்தை மட்டும் காட்டி, கொள்முதல் விலையை மறைக்காதே என்கிறார்.

இந்தக் கட்டுரை வந்த மாதத்தில் இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எமர்ஜென்சி. ரயில் நேரத்துக்கு வந்தது, ஆபீசில் எல்லாரும் சீட்டில் இருந்தார்கள் என்று இன்னும் சிலாகிக்கிற பெரியவர்கள் நம்மிடையே உண்டு. துர்க்மான் கேட்டில் வீடு இடிக்கப்பட்டவர்களும், கட்டாயக் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இழுத்துப் போகப்பட்டவர்களும் அந்த ரயில் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தார்கள். நமக்கு அதிர்ஷ்டம், 1977ல் ஒரு தேர்தல் வந்தது. சிலிக்காரர்கள் 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நிற்க. லெட்டெலியருக்கு வருவோம்.

1976 செப்டம்பர் 10ம் தேதி அவருடைய குடியுரிமை ரத்து என்று பினோசே அரசு அறிவித்தது. அன்றே நியூயார்க்கில் ஒரு கூட்டத்தில், தான் சிலிக்காரனாகப் பிறந்தவன், சிலிக்காரனாகவே சாவேன் என்று அவர் பேசினார். 11 நாளில் அது நடந்தது. செப்டம்பர் 21 காலை, வாஷிங்டனில் தூதரகங்கள் வரிசையாக இருக்கும் தெருவில், ஷெரிடன் சர்க்கிள் ரவுண்டானாவில் அவர் கார் வெடித்தது. காருக்கு அடியில் குண்டு. அவரும், உடன் வந்த ரோனி மோஃபிட் என்ற 25 வயது சக ஊழியரும் செத்துப் போனார்கள். அந்தப் பெண்ணின் கணவர் பின் சீட்டில் இருந்து பிழைத்தார்.

குண்டு வைத்தது சிலியின் ரகசிய போலீஸ் 'டினா'. அதன் ஆள் மைக்கேல் டவுன்லி, துணைக்குக் கியூபாவிலிருந்து ஓடிவந்த சில பேர். ஆரம்பத்தில் என்ன எழுதினார்கள் தெரியுமா? தியாகி வேண்டும் என்று இடதுசாரிகளே கொன்றிருப்பார்கள் என்று. அவர் பெட்டியில் இருந்த காகிதங்களை எடுத்து, கியூபாவின் ஆள் என்று பத்தி எழுதினார்கள். டவுன்லியை 1978ல் அமெரிக்காவிடம் ஒப்படைத்த பிறகுதான் அந்த வாய்கள் மூடின. டினாவின் தலைவர் மானுவல் கான்ட்ரெராஸுக்கு 1993ல் சிலி நீதிமன்றம் ஏழு வருஷம் தண்டனை கொடுத்தது. 1995ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உத்தரவு பினோசேயிடமிருந்தே நேரடியாக வந்தது என்று 1987லேயே அமெரிக்க உளவுத்துறை முடிவுக்கு வந்திருந்ததை, 2015க்குப் பிறகு வெளியான ஆவணங்கள் காட்டின.

இன்னொன்று. வெளிநாடுகளில் ஆட்களைக் கொல்லாதீர்கள் என்று தென் அமெரிக்க ராணுவ ஆட்சிகளை எச்சரிக்க அமெரிக்க வெளியுறவுத் துறை ஒரு குறிப்பு தயாரித்திருந்தது. செப்டம்பர் 16ல், அதாவது குண்டு வெடிப்பதற்கு ஐந்து நாள் முன்பு, இனி மேல்நடவடிக்கை வேண்டாம் என்று ஹென்றி கிஸ்ஸிங்கர் நிறுத்தினார். அந்தத் தந்தி வெளியே வர 2010 ஆனது.

இனி நம் 'ஆனா' ஆசாமிகளின் வாதங்களை வரிசையாக எடுத்துக்கொள்ளலாம்.

"அலெண்டே நாட்டைக் கெடுத்துட்டார், வேற வழியில்ல." கெடுத்தார் என்பதில் பாதி உண்மை. 1973ல் விலைவாசி வருஷத்துக்கு 500 சதவீதத்துக்கு மேல் ஏறியது. கடைகளில் சாமான் இல்லை, க்யூதான் இருந்தது. நோட்டு அச்சடித்துச் சம்பளம் கொடுத்த அரசு அது. லெட்டெலியர் அந்த அரசின் அமைச்சர், அவருக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் கெட்ட அரசுக்கு மருந்து அடுத்த தேர்தல். 1976ல் வரவேண்டிய தேர்தலுக்குப் பதிலாக வந்தது 17 வருஷ ஆட்சி. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டோ காணாமலோ போனார்கள். சித்திரவதைக்கு ஆளானவர்கள் பல பத்தாயிரம். மேனேஜர் சரியில்லை என்றால் மாற்றச் சொல்வோமா, கிளைக்குத் தீ வைப்போமா?

"பொருளாதாரத்தை நிமிர்த்தினாரே." எப்போது? 1975ல் நாட்டின் உற்பத்தி சுமார் 13 சதவீதம் சரிந்தது. அந்த வருஷமும் விலைவாசி 300 சதவீதத்துக்கு மேல். அப்புறம் கொஞ்ச நாள் வளர்ச்சி, எல்லாம் டாலர் கடனில். 1979 முதல் ஒரு டாலருக்கு 39 பெசோ என்று கட்டிப் போட்டார்கள். கடன் வாங்கு, கம்பெனி வாங்கு, உன் கம்பெனிக்கே உன் வங்கியிலிருந்து கடன் கொடு. வங்கி வேலையில் ஒரு வருஷம் இருந்தவனுக்குக்கூட இது எங்கே முடியும் என்று தெரியும். 1982ல் முடிந்தது. உற்பத்தி சுமார் 14 சதவீதம் விழுந்தது. நிவாரண வேலையில் இருந்தவர்களையும் சேர்த்தால் 1983ல் பத்தில் மூன்று பேருக்கு வேலை இல்லை. 1983 ஜனவரியில் நாட்டின் மிகப் பெரிய தனியார் வங்கியான பாங்கோ டி சிலி உட்படப் பல வங்கிகளை அரசே எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. தேசியமயம் பாவம் என்று சொல்லி வந்தவர்கள் செய்த தேசியமயம்! 'சிகாகோ வழியில் சோஷலிசம்' என்று அந்த ஊர்க்காரர்களே கிண்டல் செய்தார்கள்.

1985க்குப் பிறகு வளர்ச்சி வந்தது உண்மை. ஆனால் 1990ல் பினோசே பதவியை விட்டு இறங்கும்போது, அன்றைய அளவுகோல்படி மக்களில் சுமார் 40 சதவீதம் பேர் வறுமையில் இருந்தார்கள். தேர்தலில் வந்த அரசுகள் 2000க்குள் அதைப் பாதியாக்கின. அந்த வரவை யார் பேரில் எழுதுவது?

இன்னும் இரண்டு வேடிக்கை. அலெண்டே தேசியமயமாக்கிய அந்தப் பெரிய தாமிரச் சுரங்கங்களைச் சந்தைப் பக்தரான பினோசே விற்கவே இல்லை. அரசிடமே வைத்துக்கொண்டு, தாமிர ஏற்றுமதியில் 10 சதவீதத்தை ராணுவத்துக்கு ஒதுக்கினார். 1981ல் தொழிலாளர்களின் பென்ஷனைத் தனியார் நிறுவனங்களின் தனிநபர் கணக்குக்கு மாற்றினார். ராணுவத்துக்கு மட்டும் பழைய பென்ஷனே தொடர்ந்தது. 2004க்குப் பிறகு அரசு வேலையிலும், 2010க்குப் பிறகு வங்கி வேலையிலும் சேர்ந்து என்.பி.எஸ். ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுபவர்களுக்கு இந்த மருந்தின் ருசி தெரியும். எழுதிக் கொடுத்த வைத்தியர் குடிக்கவில்லை என்பதுதான் விசேஷம்.

கடைசி வாதம்தான் எனக்குப் பிடித்தது. "என்ன இருந்தாலும் கை சுத்தம் சார்."

2004ல் அமெரிக்க செனட்டின் துணைக்குழு ஒன்று வாஷிங்டனின் பழம்பெரும் ரிக்ஸ் வங்கியை நோண்டியது. பினோசேயின் கணக்குகள் வெளியே வந்தன. 40 லட்சம் முதல் 80 லட்சம் டாலர் வரை. பஹாமாஸில் டப்பா கம்பெனிகள். பினோசே என்ற பெயர் வராதபடி 'ஏ. உகார்ட்டே' என்று மாற்றி எழுதிய கணக்குகள். வாடிக்கையாளர் பற்றிய குறிப்பில் பெயரே இல்லாமல், தொழிலில் நன்றாக முன்னேறி, ஓய்வுக்காலத்துக்கு ஒழுங்காகச் சேர்த்து வைத்த ஓய்வுபெற்றவர் என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். 1998ல் அவர் லண்டனில் கைதாகி, சொத்தை முடக்கச் சொல்லி ஸ்பெயின் நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகும், லண்டனிலிருந்து சுமார் 16 லட்சம் டாலரை வங்கி அமெரிக்காவுக்கு நகர்த்தியது. சிலி நீதிமன்றத்துக்காகப் பிறகு நடந்த ஆய்வில் அவர் சொத்து 2 கோடி டாலருக்கு மேல். பெரும்பகுதிக்கு வருமானக் கணக்கு இல்லை.

சேமிப்புக் கணக்கு தொடங்க வருகிற சித்தாளிடம் ஆதார் எங்கே, போட்டோ எங்கே, கையெழுத்து ஏன் மாறுகிறது என்று நாங்கள் மூன்று தரம் திருப்பி அனுப்புகிறோம். ஒரு நாட்டையே அடித்துப் போட்ட ஆள், தன்னை எதிர்த்த அமைச்சரைக் குண்டு வைத்துக் கொன்ற அதே ஊரில், வேறு பெயரில் பாஸ்புக் வைத்திருந்தார். அந்த வங்கி 2005ல் கிரிமினல் அபராதம் கட்டி, அதே வருஷம் இன்னொரு வங்கிக்குக் கைமாறிக் காணாமல் போனது. பினோசே 2006ல் எந்தத் தண்டனையும் இல்லாமல் படுக்கையில் செத்தார்.

குடும்பங்களுக்கு நஷ்டஈடு? கிடைத்தது. 1992ல் ஒரு சர்வதேசக் குழு சுமார் 26 லட்சம் டாலர் என்று நிர்ணயித்தது. கட்டியது டினா இல்லை, பினோசே இல்லை. ஜனநாயக சிலி அரசாங்கம். அதாவது வரி கட்டும் சிலிக்காரர்கள், சர்வாதிகாரத்தில் வேலையும் சங்கமும் பிள்ளைகளும் போனவர்கள். இதுதான் அந்தக் கணக்கின் பற்றுப் பக்கம். லெட்டெலியர் 1976ல் எழுதியதன் மீதிப் பக்கங்களைக் காலம் எழுதியது.

கணக்கு ஏன் இத்தனை வருஷம் வெளியே வரவில்லை? சுத்தமாக இருந்ததால் இல்லை. கணக்குக் கேட்பவனைக் கொன்றால் எந்த ஆட்சியும் சுத்தமாகத்தான் தெரியும். நம் நாட்டில் ஊழல் நாற்றம் அடிக்கிறது என்றால், நாறுவதை எழுத ஒரு பத்திரிகையும், கேஸ் போட ஒரு கோர்ட்டும், தகவல் கேட்டு மனு போட ஒரு சட்டமும் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

குறிப்பாக நமக்குச் சொல்கிறேன். நாம் வெளியூரில் பிழைக்கிறவர்கள். 1960களின் கடைசியில் பம்பாயில் 'மதராஸி, லுங்கிவாலா' என்று துரத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நமக்கு இந்த ஊர்களில் இருக்கிற ஒரே சொத்து, எந்த இந்தியனும் எங்கேயும் வசிக்கலாம் என்று அரசியல் சட்டத்தில் இருக்கும் ஒரு வரி. சாட்டைக்காரன் வந்தால் முதலில் அழிக்கிற மாதிரி வரி அது. ஒரு நாட்டின் தூதராகவும் மூன்று துறைக்கு அமைச்சராகவும் இருந்த ஆளுக்கே, ஒரு காலையில் 'நீ இந்த நாட்டுக்காரன் இல்லை' என்று காகிதம் வந்தது. ரேஷன் கார்டில் விலாசம் மாற்றவே ரெண்டு வருஷம் அலைந்த நமக்கு எத்தனை நிமிஷம் ஆகும்?

திட்ட வேண்டும் என்றால் தாராளமாகத் திட்டுங்கள், பதில் சொல்கிறேன். ஆனால் பிள்ளைகள் காதில் விழுகிற மாதிரி "ஒரு பினோசே வேணும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர்கள் நம்பிவிடப் போகிறார்கள்.